பாங்காக் குற்றக்கதை எழுத ஃபராங் நாவல்கள் போதுமா?

எழுதுகிறவன் | 2 ஜூன், இரவு 10.40

பாங்காக்கில் நடக்கும் கொலை நாவல் ஒன்று தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். அங்கே குடியேறிய ஃபராங்குகள், அதாவது வெள்ளைக்காரர்கள், ஆங்கிலத்தில் எழுதிய துப்பறியும் நாவல்களை வரிசையாகப் படித்தாயிற்று: ஜான் பர்டெட், கிறிஸ்டோபர் மூர், டிமோதி ஹாலினன். ஊர், போலீஸ், பழக்கவழக்கம் எல்லாவற்றையும் அதிலிருந்தே எடுத்துக்கொண்டால் போதும் என்பது என் கட்சி. தாய்லாந்துக்காரர்கள் குற்றக்கதை எழுதுவதே இல்லை. அதனால்தான் வெளிநாட்டவர் அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டார்கள். மறுப்பவர்கள் மறுக்கலாம்.

சீலோம் | 3 ஜூன், காலை 7.15

"எழுதுவதே இல்லை" என்பது சுத்தத் தப்பு. பிற்பாடு ஆறாம் ராமாவாகப் பட்டமேறிய வஜிராவுத், இளவரசராக இருந்த 1904-05 வாக்கில் தோங் இன் என்ற துப்பறிவாளரை வைத்துப் புனைபெயரில் கதைகள் எழுதினார். ஷெர்லக் ஹோம்ஸ் படித்த பாதிப்பு அப்பட்டமாகத் தெரியும். ஆனால் சரக்கு உள்ளூர்ச் சரக்கு. முதல் கதையே பிரகனோங் பேயை எடுத்துக்கொள்கிறது. பிள்ளைப்பேற்றில் செத்து, புருஷனை விட்டுப் போகாத மே நாக் கதை அங்கே சின்னக் குழந்தைக்கும் தெரியும். இளவரசரின் கதையிலும் செத்துப்போன மனைவி பேயாய் வருகிறாள். துருவிப் பார்த்தால் அது பேயே அல்ல. அப்பன் மறுமணம் செய்துகொள்ளக் கூடாதென்று வீட்டுக்குள்ளேயே நடத்திய நாடகம்.

அதற்குப் பிறகு, இரண்டாம் உலகப் போரை ஒட்டி சுபான்புரிப் பக்கம் திரிந்த கொள்ளைக்காரர்களை வைத்து போ இந்தரபாலித் எழுதித் தள்ளிய மலிவுப் பதிப்புகள். அடுத்து வசித் தேஜ்குஞ்சோன். இவர் போலீஸ் ஜெனரல், துணைத் தலைவர் பதவி வரை போனவர், 2018-ல் காலமானார். இன்ஸ்பெக்டர்களை நாயகர்களாக்கி இவர் எழுதிய நாவல்கள் டிவி தொடர்களாகவும் ஓடின. இந்தத் தலைமுறையில் பிராப் என்ற புனைபெயர்க்காரர் இருக்கிறார். 2014-ல் வந்த அவருடைய நாவலில் கொலைப் புதிர் பழைய செய்யுள் விளையாட்டுக்குள் ஒளிந்திருக்கிறது. யாப்பு தெரியாத போலீஸ்காரனால் துப்புத் துலக்க முடியாது. இதில் பெரும்பகுதி ஆங்கிலத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

வழிப்போக்கன் | 3 ஜூன், காலை 9.02

ராஜாவே துப்பறியும் கதை எழுதின ஊர். ராஜாவைப் பத்தி யாராவது கதை எழுதினா மட்டும் துப்பறிஞ்சு உள்ள வெச்சுருவாங்க.

குமாஸ்தா | 3 ஜூன், மதியம் 1.30

சிரிக்க வேண்டாம், ஒரு நாவலாசிரியருக்கே நடந்தது. ஹாரி நிக்கோலெய்ட்ஸ் என்ற ஆஸ்திரேலியர் 2005-ல் சொந்தச் செலவில் 50 பிரதி அச்சடித்த நாவல் ஒன்றில் பட்டத்து இளவரசரைப் பற்றிய ஒரு பத்தி இருந்தது. 2008 ஆகஸ்டில் நாட்டை விட்டுக் கிளம்பும்போது விமான நிலையத்தில் பிடித்தார்கள். 2009 ஜனவரியில் ஆறு வருடம் விதித்து, குற்றத்தை ஒப்புக்கொண்டதற்காக மூன்றாகக் குறைத்தார்கள். அடுத்த மாதமே மன்னிப்புக் கிடைத்து ஊர் போய்ச் சேர்ந்தார்.

குற்றவியல் சட்டம் 112-ஆம் பிரிவு, அரச அவமதிப்பு: ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் 3 முதல் 15 வருடம். புகாரை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம், அரண்மனையிலிருந்துதான் வரவேண்டும் என்றில்லை. "இது புனைகதை" என்ற முதல் பக்க அறிவிப்பு காப்பாற்றாது என்பதற்கு மேலே சொன்ன வழக்கே சாட்சி.

எழுத்தாளனை அன்றாடம் உறுத்துவது அவதூறுப் பிரிவுகள்தான், 326 முதல் 333 வரை. அச்சிலோ இணையத்திலோ வந்தால் 328, இரண்டு வருடம் வரை சிறை. உண்மை என்று நிரூபித்தால் 330 விடுவிக்கும். ஆனால் தனிப்பட்ட விஷயம், பொதுநலனுக்குத் தொடர்பில்லாதது என்றால் நிரூபிக்கவே விடமாட்டார்கள். நிஜ ஹோட்டல், நிஜக் கம்பெனி, நிஜப் போலீஸ் நிலையம் எதையும் கெட்ட வேலைக்குப் பயன்படுத்தாமல் இருப்பது உத்தமம். பர்டெட் நாவலில் வரும் எட்டாம் வட்டாரப் போலீஸ் நிலையம் கற்பனையானது என்பதைக் கவனித்திருப்பீர்கள்.

எழுதுகிறவன் | 3 ஜூன், இரவு 11.10

சட்டம் புரிந்தது. நடைமுறை? பிணம் கிடைக்கிறது. அடுத்து?

சீலோம் | 4 ஜூன், காலை 6.50

வரிசையாகச் சொல்கிறேன். ஃபராங் நாவல்களில் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

191-க்குப் போன் போகும். போலீஸ் வந்து இறங்கும்போது அறக்கட்டளைத் தொண்டர்கள் ஏற்கெனவே நிற்பார்கள். பாங்காக்கில் பெரியவை இரண்டு: 1910-ல் சீன வணிகர்கள் அநாதைப் பிணங்களை அடக்கம் செய்யத் தொடங்கிய போ டெக் டுங், பிறகு வந்த ருவாம்கதன்யூ. பிணத்தை வெள்ளைத் துணியில் சுற்றுவது, வண்டியில் ஏற்றுவது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது எல்லாம் அவர்கள் வேலை. சம்பளத்துக்கு அல்ல, புண்ணியத்துக்கு. உறவில்லாத பிணத்துக்குச் சவப்பெட்டி வாங்கப் பணம் கட்டும் கவுண்டரும் அங்கே உண்டு. பெயரெழுதிய சீட்டைப் பெட்டிமேல் ஒட்டிவிட்டு, கும்பிட்டுவிட்டு வருவார்கள். மதிய இடைவேளையில் அலுவலகப் பெண்கள் வரிசையில் நின்று இதைச் செய்வது சாதாரணக் காட்சி. ஒரு கொலை நாவலுக்கு இதைவிடத் தோதான இடம் கிடைக்காது; ஆனாலும் எல்லோரும் பார்கள் நிறைந்த நானா பிளாசாவுக்கே ஓடுகிறார்கள்.

தடயம் கெடுவதும் இங்கேதான். டாக்டர் வருமுன் பத்துக் கால் பட்டிருக்கும், பத்துக் கைபேசி படம் எடுத்திருக்கும்.

இயற்கையல்லாத சாவு என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டம் 150-ஆம் பிரிவுப்படி விசாரணை அதிகாரியும் தடயவியல் மருத்துவரும் சேர்ந்து பிணத்தைப் பார்க்கவேண்டும். போலீஸ் கையாலோ காவலிலோ செத்திருந்தால் அரசு வழக்கறிஞரும் நிர்வாக அதிகாரியும் கூட வந்தாகவேண்டும். அந்தச் சாவுக்கு நீதிமன்ற விசாரணையும் தனியாக உண்டு.

இன்னொன்று. நிலையத்தில் துப்பறிந்து ஆளைப் பிடிப்பவர் ஒருவர், வாக்குமூலம் வாங்கிக் கோப்பு எழுதுகிற விசாரணை அதிகாரி இன்னொருவர். இரண்டும் இரண்டு கிளை. இருவருக்கும் ஆகாது என்பதே பாதிக் கதை. அந்தக் கோப்புத்தான் அரசு வழக்கறிஞரிடம் போகும். அவர் தானாக விசாரிக்கப் போவதில்லை. கோப்பைப் படித்து, போதாது என்றால் இன்னும் விசாரி என்று திருப்பி அனுப்பலாம். ஆகவே கோப்பில் எது ஏறியது, எது ஏறவில்லை என்பதில் வழக்கின் விதி இருக்கிறது.

கைதானவனை நிலையத்துக்குக் கொண்டுவந்த நேரத்திலிருந்து 48 மணிக்குள் நீதிமன்றம். பிறகு 12 நாள் 12 நாளாகக் காவல் நீட்டிப்பு. உச்சத் தண்டனை 10 வருடமோ அதற்கு மேலோ என்றால் மொத்தம் 84 நாள். அதற்குக் கீழே, ஆறு மாதத்துக்கு மேல் என்றால் 48 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வரவில்லையென்றால் ஆளை வெளியே விட்டாகவேண்டும். ஜூரி கிடையாது. நீதிபதிகள் மட்டும்தான்.

எழுதுகிறவன் | 4 ஜூன், காலை 8.20

என் ஒன்பதாம் அத்தியாயத்தில் ஜூரி இருக்கிறது. எரித்துவிடலாமா?

சீலோம் | 4 ஜூன், காலை 8.31

தாராளமாக. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்றைக்குக் கோயில்களில் பிணம் எரிப்பதில்லை. மூன்று, ஐந்து, ஏழு இரவு பிக்குகள் ஓதிய பிறகு எரிப்பது வழக்கம். எரித்துவிட்டால் மறு பிரேதப் பரிசோதனை கிடையாது. குடும்பத்தை அவசரப்படுத்துகிற ஆள் யார் என்று பாருங்கள், கதைக்கு ஒரு சந்தேக நபர் இலவசம்.

குமாஸ்தா | 4 ஜூன், மாலை 5.45

ஒப்புதல் வாக்குமூலம் பற்றிச் சேர்க்கவேண்டும். குற்றவியல் சட்டம் 78-ஆம் பிரிவுப்படி ஒப்புக்கொண்டால் தண்டனையில் பாதி வரை குறையலாம். நிரபராதிக்கும் இது ஆசை காட்டும் கணக்கு. ஒப்புக்கொண்டவனைச் சம்பவ இடத்துக்கே கூட்டிப்போய், பத்திரிகைக் கேமராக்களுக்கு முன்னால் கொலையை நடித்துக் காட்டச் சொல்வது நெடுநாள் பழக்கம். கூட்டம் கல்லெறியும் என்பதால் தலைக்கவசம், குண்டு துளைக்காத அங்கி எல்லாம் மாட்டிவிடுவார்கள். 2014-ல் கோ தாவ் தீவில் இரண்டு பிரிட்டிஷ் பயணிகள் கொல்லப்பட்ட வழக்கில், மியான்மர்த் தொழிலாளர் இருவரைக் கடற்கரையில் இப்படி நடிக்கவைத்தார்கள். சித்திரவதையால் ஒப்புக்கொண்டோம் என்று அவர்கள் பின்னர் வாக்குமூலத்தை மறுத்தார்கள். 2015 டிசம்பரில் மரண தண்டனை, 2019-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது, 2020-ல் ஆயுளாகக் குறைந்தது.

2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சித்திரவதைத் தடுப்புச் சட்டம், கைது செய்த நொடியிலிருந்து ஒப்படைக்கும் வரை தொடர்ச்சியாக ஒலி, ஒளிப் பதிவு வேண்டும் என்கிறது. சமகாலக் கதையென்றால் அறைக்குள் நாலு தட்டுத் தட்டி உண்மையை வாங்குகிற காட்சியை அப்படியே எழுத முடியாது. கேமரா எப்படிப் "பழுதானது" என்பதையும் சொல்லவேண்டும்.

வழிப்போக்கன் | 5 ஜூன், காலை 10.15

எல்லாத்துக்கும் சட்டம் இருக்கே, அப்புறம் பணக்காரன் எப்படித் தப்பிக்கிறான்?

குமாஸ்தா | 5 ஜூன், பிற்பகல் 3.00

கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு. குற்றம் நடந்து இத்தனை வருடத்துக்குள் வழக்கு வரவேண்டும் என்ற காலவரம்பு குற்றவியல் சட்டம் 95-ஆம் பிரிவில் இருக்கிறது. மரணமோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றத்துக்கு 20 வருடம், அதற்குக் கீழே படிப்படியாக 15, 10, 5, 1. ஊழல் வழக்குகளை விட்டால், குற்றவாளி ஓடிப்போனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வரம்பு முடிந்த மறுநாள் விமானம் ஏறி வந்து இறங்கலாம்.

2012 செப்டம்பர் 3 அன்று பாங்காக்கில் சொகுசுக் கார் மோதி ஒரு போலீஸ்காரர் செத்தார். ஓட்டியவர் உலகமறிந்த ஊக்கபானக் குடும்பத்து வாரிசு. மிகை வேகக் குற்றச்சாட்டு ஒரு வருடத்தில் காலாவதி. நிறுத்தி உதவாமல் போன குற்றச்சாட்டு ஐந்து வருடத்தில், 2017-ல், காலாவதி. மிச்சமிருந்த கவனக்குறைவால் மரணம் விளைவித்த குற்றத்துக்கு 15 வருடம், 2027 வரை. இதற்கிடையில் முதலில் மணிக்கு 177 கிலோமீட்டர் என்று கணக்கிட்ட வேகம், மறு கணக்கில் 80-க்குக் கீழே இறங்கிற்று. 2020-ல் வழக்கறிஞர் அலுவலகம் வழக்கைக் கைவிட, போலீஸ் தரப்பு ஆட்சேபிக்காமல் கையெழுத்திட்டது. ஊரே கொதித்த பிறகுதான் கோப்பை மறுபடி திறந்தார்கள். யாரும் யாரையும் சுடவில்லை, மிரட்டவில்லை, தேதிகளும் கையெழுத்துகளும்தான்.

நமக்குத் தெரிந்த உதாரணமும் உண்டு. சார்லஸ் சோப்ராஜ் 1975-ல் தாய்லாந்தில் செய்த கொலைகளுக்கு அங்கே மரண தண்டனை காத்திருந்தது. 1986-ல் திகார் சிறைக் காவலர்களுக்கு மயக்க மருந்து கலந்த இனிப்புக் கொடுத்துத் தப்பி, சில வாரத்தில் கோவாவில் அகப்பட்டான். இந்தியச் சிறைவாசம் நீண்டது. 1997-ல் வெளியே வந்தபோது தாய்லாந்தின் 20 வருடம் கடந்துவிட்டது. மாட்டிக்கொள்ளவே தப்பினான் என்று பரவலாகச் சொல்வது இந்தக் கணக்கை வைத்துத்தான்.

சீலோம் | 6 ஜூன், காலை 7.40

குமாஸ்தா சொன்னதையே பிடித்துக்கொண்டு முதல் கேள்விக்கு வருகிறேன். ஃபராங் நாவல்களை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. மூர் சட்டப் பேராசிரியராக இருந்தவர், 1980-களின் கடைசியிலிருந்து பாங்காக்வாசி. குடியேறிகளின் உலகத்தை, அவர்களுடைய பொய்களை, அவரைப்போல் எழுதியவர் குறைவு. பர்டெட்டும் வக்கீல். அவருடைய போலீஸ்காரன் அமெரிக்கச் சிப்பாய்க்கும் பார் பெண்ணுக்கும் பிறந்த பௌத்தன். சாமர்த்தியமான ஏற்பாடு, ஆனால் அவன் பக்கத்துக்குப் பக்கம் கர்மாவை வாசகனுக்கு விளக்கிக்கொண்டே இருக்கிறான். கர்மாவில் ஊறியவன் அதை விளக்க மாட்டான், அதன்படி நடந்துவிட்டுப் போவான். காலின் காட்டெரில் செய்தது புத்திசாலித்தனம்: பாங்காக்கை விட்டுவிட்டுத் தெற்கே சும்போன் கரையோரக் கிராமத்துக்கு ஒரு பெண் பத்திரிகையாளரைக் கொண்டுபோனார். பார் இல்லை, ஆகவே கண் மற்றதைப் பார்க்கிறது.

மொத்தத்தில் இந்த நாவல்கள் பார் முக்காலியில் உட்கார்ந்து பார்த்த ஊர். அங்கிருந்து தெரிவது சரியாகவே தெரிகிறது. மாவட்ட அலுவலகம், கோயில் தகனமேடை, பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் வீடு மூன்றும் அங்கிருந்து தெரியாது.

தலைமையாசிரியர் என்றது காரணமாகத்தான். சார்ட் கோப்ஜித்தி 1981-ல் எழுதிய 'தீர்ப்பு' நாவலைப் படியுங்கள், மறு வருடம் தென்கிழக்காசிய எழுத்து விருது பெற்றது, ஆங்கிலத்தில் கிடைக்கிறது. நாயகன் ஃபாக் பள்ளிக்கூடத்தில் எடுபிடி வேலை பார்ப்பவன். அப்பா செத்த பிறகு, புத்தி பேதலித்த அவருடைய இளம் மனைவிக்கு வீட்டில் இடம் கொடுக்கிறான். ஊர் தானாகவே தீர்ப்பெழுதிவிடுகிறது. சேமிப்பைத் தலைமையாசிரியரிடம் கொடுத்து வைத்திருக்கிறான். திருப்பிக் கேட்கும்போது அவர் கைவிரிக்கிறார். ஊர் நம்புவது யாரை? போலீஸ் புலன்விசாரணை ஒன்றும் இல்லாமல் ஒரு முழு குற்றக்கதை. கடைசியில் கோயிலில் புதிதாகக் கட்டிய தகன உலையைச் சோதித்துப் பார்க்க ஃபாக்கின் பிணம் உதவுகிறது.

பிரதமராகவும் இருந்த குக்ரித் பிரமோஜ் 1950-களில் எழுதிய 'பல உயிர்கள்' இன்னொரு வழி. மழையில் படகு கவிழ்ந்து எல்லோரும் சாகிறார்கள்: கொள்ளைக்காரன், பிக்கு, விலைமகள், இன்னும் பலர். ஒவ்வொருவரும் ஏன் அந்தப் படகில் ஏறினார்கள் என்பது ஒவ்வோர் அத்தியாயம். துப்பறிவாளன் இல்லை, விசாரணை மட்டும் இருக்கிறது.

வழிப்போக்கன் | 6 ஜூன், இரவு 9.20

கிளைக்கு ஓடுறேன். சீலோம்னு பாங்காக் சாலைப் பேர் வெச்சிருக்கீங்களே, அங்க இருக்கிற மாரியம்மன் கோயில் பக்கமா? நாவல்ல தமிழ் ஆள் ஒருத்தர் வரலாமா?

சீலோம் | 7 ஜூன், காலை 6.30

வரலாம். கோயில் 19-ஆம் நூற்றாண்டில் தமிழர் கட்டியது. இன்றைக்கு நவராத்திரி ஊர்வலத்தில் கும்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்துக்காரர்கள். இன்னும் பழைய தொடர்பு வேண்டுமென்றால் பாங்காக்கின் பெரிய ஊஞ்சல் பக்கத்தில் தேவஸ்தானம் என்ற பிராமணக் கோயிலுக்குப் போங்கள். அரசவைப் பிராமணர்கள் மார்கழி, தை வாக்கில் ஓதுவது திருவெம்பாவையிலிருந்து போனது, உச்சரிப்பு அடையாளம் தெரியாமல் தேய்ந்துவிட்டது. அந்தச் சடங்கோடு நடந்த ஊஞ்சலாட்டம் 1935-ல் நின்றது, சடங்கு நிற்கவில்லை. ஆனால் உளவு பார்க்கும் தமிழ் அர்ச்சகர் மட்டும் வேண்டாம்.

சீலோம் | 7 ஜூன், காலை 6.52

தொடர்ச்சி, சில்லறை விஷயங்கள்.

ஆள்களை முதல் பெயரால்தான் கூப்பிடுவார்கள், பதிவேடும் அப்படித்தான். குடும்பப் பெயரே 1913 சட்டத்துக்குப் பிறகு வந்தது. அன்றாடத்தில் எல்லோருக்கும் செல்லப்பெயர். பத்து வருடம் கூட வேலை பார்த்தவனின் முழுப் பெயர் தெரியாமல் சாட்சி முழிப்பது நம்பத்தக்க காட்சி. பிடியாணைக்கு முழுப் பெயர் வேண்டும். அடையாள அட்டையின் 13 இலக்கம் கிடைத்தால் வேலை சுலபம்.

நேரம். பேச்சுவழக்கில் நாளை ஆறாறு மணியாகப் பிரிப்பார்கள். சாட்சி "இரண்டு" என்றால் பிற்பகல் 2, இரவு 8, பின்னிரவு 2 எதுவாகவும் இருக்கலாம். கூடவரும் சிறு சொல்தான் பிரித்துக் காட்டும். மொழிபெயர்ப்பாளர் அதை விட்டால் அலிபி கிழிந்தது.

வருடம். புத்த ஆண்டுக்கு 543 கழிக்கவேண்டும். பழைய ஆவணம் வைத்துக் கதை பின்னினால் கூடுதல் கவனம்: 1941 வரை புத்தாண்டு ஏப்ரல் 1. அந்த வருடம்தான் ஜனவரிக்கு மாறிற்று, ஆகவே புத்த ஆண்டு 2483-க்கு ஒன்பதே மாதம். "2483 பிப்ரவரி" என்று தேதியிட்ட உயில் கள்ள உயில்.

துப்பாக்கி. வாங்க ஒரு அனுமதி, வைத்துக்கொள்ள ஒன்று, வெளியே எடுத்துப்போக மூன்றாவது. மூன்றாவது யாருக்கும் லேசில் கிடைக்காது. சுற்றுலா விசாவில் இருக்கும் துப்பறிவாளர் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தால் முதலில் உள்ளே போவது அவர்தான்.

குமாஸ்தா | 7 ஜூன், இரவு 8.05

நிஜ வழக்கு ஒன்றை அடிப்படையாக வைப்பதென்றால் சீ ஊய் வழக்கைப் பாருங்கள். சீனாவிலிருந்து வந்த கூலி, தாய்லாந்து மொழி சரியாக வராது. 1958-ல் ரயோங்கில் ஒரு சிறுவன் கொலைக்காகப் பிடித்தார்கள், வேறு பல கொலைகளும் அவன் தலையில் ஏறின, 1959 செப்டம்பரில் சுட்டார்கள். பதப்படுத்திய உடல் சிரிராஜ் ஆஸ்பத்திரி அருங்காட்சியகத்தில் "நரமாமிசம் தின்றவன்" என்ற பலகையோடு பல பத்தாண்டு நின்றது. "சீ ஊய் வந்து ஈரலைத் தின்பான்" என்று சொல்லித்தான் குழந்தைகளை உறங்கவைத்தார்கள். வழக்கின் ஓட்டைகளைப் பலர் எடுத்துக்காட்டிய பிறகு பலகையை எடுத்தார்கள்; 2020 ஜூலையில் நொந்தபுரிக் கோயிலொன்றில் எரித்தார்கள். சீனர் மீதான அந்தக் காலப் பயம், பத்திரிகைப் பசி, மொழிபெயர்ப்பாளர் வழி வாங்கிய ஒப்புதல் மூன்றும் ஒரே கோப்பில்.

எழுதுகிறவன் | 8 ஜூன், காலை 11.30

நாவல் நடப்பது 1998 மார்ச். நாயகன் சென்னையிலிருந்து சுவர்ணபூமியில் இறங்கி, ஸ்கைட்ரெயின் பிடித்துச் சீலோம் வருகிறான். அதுவாவது சரிதானே?

சீலோம் | 8 ஜூன், காலை 11.44

இரண்டுமே அன்றைக்கு இல்லை. சுவர்ணபூமி திறந்தது 2006, அவன் டான் முவாங்கில்தான் இறங்கவேண்டும். ஸ்கைட்ரெயின் 1999 டிசம்பர். சீலோம் சாலையில் அப்போது கான்கிரீட் வேலை, நெரிசல், தூசி. டாக்சி பிடிக்கச் சொல்லுங்கள், மீட்டர் போடச் சொல்லிச் சண்டையும் போடட்டும். முந்தின வருட ஜூலையில் தாய்லாந்து நாணயமான பாட் சரிந்திருக்கிறது, பாதியில் நின்ற அடுக்குமாடிகள் ஊரெங்கும் எலும்பாக நிற்கும். பிணத்தை அதில் ஒன்றில் போடலாம்.

குமாஸ்தா | 8 ஜூன், மதியம் 12.10

மரண தண்டனை என்றால் துப்பாக்கி, 2003 வரை அதுதான். போலீஸும் அப்போது உள்துறை அமைச்சகத்துக்குக் கீழே வெறும் ஒரு துறை; 1998 அக்டோபரில்தான் பிரதமருக்கு நேரடியாகப் பதில் சொல்லும் அமைப்பாகப் பிரிந்தது. கதை மார்ச்சில் தொடங்கி அக்டோபரைத் தாண்டினால் கோப்பின் தலைப்புத்தாள் நடுவில் மாறவேண்டும்.